எந்த வெள்ளரியை நடுவது? – ஒரு விதை சுற்றிவந்த பாதை

பங்குனி மாதம் நெருங்கும்போது ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் எம்மவர்கள் பலர் விதை விற்பனையாளர்களின் பட்டியல்களைப் புரட்டத் தொடங்கிவிடுவார்கள். பனி விலகிய பின்னர் வீட்டின் பின்புறத்தில் நான்கு பாத்தி கட்டி மிளகாய், கத்தரி, பயற்றை, வெள்ளரி என்று நட்டுப் பார்ப்பது புலம்பெயர் வாழ்வின் ஓர் அங்கமாகிவிட்டது. தாயகத்திலும் வீட்டுத் தோட்டம் பற்றிய பேச்சு 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின்னர் மீண்டும் உயிர் பெற்றுள்ளது. "எந்த வெள்ளரி இனத்தை நடலாம்?" என்ற கேள்வியை இரு தரப்பினரும் என்னிடம் கேட்பதுண்டு.

நான் விவசாய விஞ்ஞானி அல்லன். ஒரு கேள்வி எழுந்தால் அதன் பின்னால் உள்ள வரலாற்றைத் தேடிச் செல்வது பத்திரிகைத் தொழில் எனக்குத் தந்த பழக்கம். அவ்வாறு தேடியபோது, எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்குள் மூவாயிரம் ஆண்டுப் பயணமும் ஓர் உரிமைப் பிரச்சினையும் அடங்கியிருப்பதைக் கண்டேன். அதனை வாசகர்களுடன் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இலங்கையின் வடபுலத்தில் பச்சையாக அரிந்து சம்பலோ பச்சடியோ செய்யும் காயைக் கெக்கரிக்காய் என்று சொல்வோர் பலர். வெயில் காலத்தில் பழுத்து வெடித்து, மாப்போன்ற சதையுடன் சீனி தூவி உண்ணப்படுவதை வெள்ளரிப்பழம் என்கிறோம். சிங்கள மொழியில் பச்சையாக உண்ணும் காய் பிபிஞ்ஞா. கெக்கிரி என்பது கறி சமைக்கும் வேறொரு காய். கெக்கரி, கெக்கிரி என்று ஒலி ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு. தமிழ்நாட்டிலோ எல்லாமே வெள்ளரிதான்.

தாவரவியலாளரின் பார்வையில் இவை ஒரே குடும்பத்துச் சகோதரர்கள். கெக்கரிக்காய் என்ற உண்மையான வெள்ளரி 'குக்குமிஸ் சட்டைவஸ்' என்ற இனத்தைச் சேர்ந்தது. எமது வெள்ளரிப்பழம் 'குக்குமிஸ் மெலோ' என்ற முலாம்பழ இனத்தைச் சேர்ந்தது. கேரளத்தில் விஷுக் கணியில் வைக்கப்படும் பொன்னிறக் கணிவெள்ளரியும், ஆந்திரத்துத் தோசைக்காயும், வட இந்தியத் தெருக்களில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கப்படும் நீண்டு வளைந்த கக்கடியும் பெயரளவில் வெள்ளரியே. பிறப்பால் முலாம்பழத்தின் உறவினர். வெள்ளரிக்கு ஏழு சோடி நிறமூர்த்தங்கள், முலாம்பழத்துக்குப் பன்னிரண்டு. ஆகவே இவ்விரண்டும் பக்கம் பக்கமாக வளர்ந்தாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

இந்தப் பெயர்க் குழப்பம் எமக்கு மட்டும் உரியதன்று. உரோமப் பேரரசன் திபேரியு நாள்தோறும் வெள்ளரி உண்டான் என்றும், அவனுக்காகச் சில்லுகள் பூட்டிய பாத்திகளில் கொடிகளை வளர்த்து, வெயிலுக்குத் தள்ளிச் சென்று, குளிர் நாட்களில் ஒளி புகும் கற்தகடுகளால் மூடிப் பாதுகாத்தனர் என்றும் முதலாம் நூற்றாண்டில் மூத்த பிளினி எழுதி வைத்தார். உலகின் முதற் பசுமைக்குடில் வெள்ளரிக்காகவே அமைக்கப்பட்டது என்று இதனை வைத்துப் பல நூல்கள் கூறின. ஆனால், ஹரி பாரிஸ், ஜூல்ஸ் ஜானிக் ஆகிய இரு ஆய்வாளர்கள் பழைய ஓவியங்களையும் வர்ணனைகளையும் ஒப்புநோக்கி, அது வெள்ளரி அன்று, பாம்புபோல் நீண்ட முலாம்பழ வகையே என்று 2008இல் வாதிட்டனர். எகிப்தை விட்டு வந்த இசுரவேலர் பாலைவனத்தில் ஏங்கியதாக விவிலியத்தின் எண்ணாகமம் கூறும் வெள்ளரிக்காயும் அதே வகையைச் சேர்ந்தது என்பது இவ்வாய்வாளர்களின் கருத்து. உண்மையான வெள்ளரி மத்திய காலத்திலேயே, பாரசீகத் தரைவழியாகவும் கடல்வழியாகவும், இந்தியாவிலிருந்து மேற்கே சென்றது என்று அவர்களும் சக ஆய்வாளர் ஒருவரும் 2012இல் எழுதினர்.

எமது சமய மரபில் நாளும் ஓதப்படும் மிருத்யுஞ்சய மந்திரத்திலும் இதே சிக்கல் உண்டு. பழுத்த வெள்ளரி காம்பிலிருந்து தானே விடுபடுவதுபோல் மரணத்திலிருந்து விடுதலை வேண்டும் என்று அம்மந்திரத்துக்குப் பொருள் சொல்வார்கள். பழுத்ததும் காம்பிலிருந்து தானே கழன்று கொள்வது முலாம்பழ இனத்தின் இயல்பு. கெக்கரிக்காய் முற்றி மஞ்சளானாலும் கொடியோடு ஒட்டியே கிடக்கும். ஆகவே அந்த உவமையைச் சொல்லும்போது நாம் மனத்திற்கொள்ள வேண்டியது வெள்ளரிப்பழத்தையே என்று எனக்குத் தோன்றுகிறது.

உண்மையான வெள்ளரியின் பிறப்பிடம் இந்தியா என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. இமயமலையின் அடிவாரத்தில் இன்றும் காணப்படும் ஒரு காட்டுக்கொடி அதன் மூதாதை. காய் சிறியது, முள் நிறைந்தது, வாயில் வைக்க முடியாத கசப்பு. இந்தியாவில் மூவாயிரம் ஆண்டுகளேனும் வெள்ளரி பயிரிடப்பட்டிருக்க வேண்டும் என்று சுவிஸ் நாட்டுத் தாவரவியலாளர் அல்போன்ஸ் த கண்டோல் பயிர்களின் தோற்றம் பற்றிய தமது நூலில் 1883இல் கணித்தார். கசப்பானதை விலக்கிக் கசப்பற்ற கொடியின் விதையை மட்டும் மறு ஆண்டுக்கு எடுத்து வைத்த, பெயர் தெரியாத எண்ணற்ற தோட்டக்காரர்களின் தெரிவுதான் இன்று நாம் உண்ணும் காய். வெள்ளரியில் 'எந்த இனத்தை நடுவது' என்ற கேள்வியை முதன்முதலாகக் கேட்டவர்களும் விடை கண்டவர்களும் அவர்களே.

நல்ல இனம் யாரிடம் இருக்கிறது என்பது அரசுரிமைக் கதையாகவே மாறியதும் உண்டு. கம்போடியாவில் இனிப்பு வெள்ளரி வளர்த்த தோட்டக்காரன் ஒருவனின் கதை வழங்குகிறது. அக்காயின் சுவையில் மயங்கிய மன்னன், அது தனக்கன்றி வேறொருவருக்கும் கிட்டலாகாது என்று அவன் கையில் ஈட்டி ஒன்றைக் கொடுத்துக் காவல் வைத்தான். பின்னர் இரவில் தானே ஆசை மிகுந்து தோட்டத்துக்குள் நுழைய, திருடன் என்று எண்ணிய தோட்டக்காரன் ஈட்டியை எறிந்து மன்னனைக் கொன்றான். மக்கள் தோட்டக்காரனையே அரசனாக்கினர் என்பது கதை. பர்மாவின் பாகான் அரச வரலாற்றிலும் இதையொத்த தோட்டக்கார மன்னன் ஒருவன் உண்டு. கதைகள் வரலாறு ஆகா. எனினும், சுவையான இனத்தைத் தனியுடைமையாக்கும் ஆசை பழமையானது என்பதற்கு இவை சான்று.

ஐரோப்பாவுக்குச் சென்ற வெள்ளரியின் தெரிவு வேறு வழியில் அமைந்தது. குளிர்நாட்டில் கண்ணாடிக் குடிலுக்குள் வளர்க்க ஏற்ற, நீண்ட, வழுவழுப்பான காய்களை ஆங்கிலேயர் விரும்பினர். புகைவண்டித் தொழில்நுட்பத்தின் முன்னோடியான ஜோர்ஜ் ஸ்டீபன்சன், தமது முதுமையில் வெள்ளரி வளைந்து வளர்வதைப் பொறுக்காமல், கண்ணாடிக் குழாய்கள் செய்வித்து அவற்றுக்குள் காயை நேராக வளர்த்தார் என்பது சுவையான செய்தி. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் அதே ஆசை சட்டமாகியது. ஐரோப்பியச் சமூகம் 1988இல் பிறப்பித்த 1677ஆம் இலக்க ஒழுங்குவிதி, முதற்தர வெள்ளரி பத்துச் சென்ரிமீற்றர் நீளத்துக்குப் பத்து மில்லிமீற்றருக்கு மேல் வளையக் கூடாது என்றது. ஒரே அளவான காய்களைப் பெட்டியில் அடுக்குவதும் எண்ணுவதும் எளிது என்பதே இதன் காரணம். பலரது நகைப்புக்கும் உள்ளான அவ்விதி 2009 யூலையில் நீக்கப்பட்டது. வீட்டுத் தோட்டக்காரருக்கு இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. வணிகத்துக்காகத் தெரிந்தெடுக்கப்பட்ட இனம் பெட்டிக்கும் லொறிக்கும் ஏற்றது. உங்கள் சமையலறைக்கு அந்த நேர்த்தி தேவையில்லை.

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன்.

வெள்ளரியின் பெரும் பகைவன் அடிச்சாம்பல் நோய். இலையின் மேற்புறத்தில் மஞ்சள் நிறக் கோணப் புள்ளிகள் தோன்றி, சில நாட்களில் கொடி முழுவதும் கருகிவிடும். ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையோர மாநிலங்களில் இந்நோய் பேரழிவை ஏற்படுத்தி வந்தது. அமெரிக்க விவசாயத் திணைக்களம் 1898 முதல் உலகெங்கிலுமிருந்து விதைகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இட்டுப் பாதுகாத்து வந்தது. அச்சேகரிப்பில் இந்தியாவிலிருந்து சென்ற ஒரு வெள்ளரி விதைக்கு 197087 என்ற எண் இடப்பட்டிருந்தது. தென் கரோலைனா மாநிலத்தின் சார்ல்ஸ்ற்றன் நகரில் ஆய்வு செய்த பார்ன்ஸ், எப்ஸ் என்ற இருவர், இந்த விதையிலிருந்து முளைத்த கொடிகள் அடிச்சாம்பல் நோயைத் தாங்கி நிற்பதை 1954இல் அறிவித்தனர். அதன் எதிர்ப்புச் சக்தியை உள்ளடக்கிப் பார்ன்ஸ் உருவாக்கிய 'பாயின்செட்' என்ற இனம் 1966இல் வெளிவந்தது. அதே எதிர்ப்புச் சக்தி பின்னர் வந்த பெரும்பாலான அமெரிக்க இனங்களுக்குள் புகுத்தப்பட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அமெரிக்க வெள்ளரித் தோட்டங்களைக் காத்து நின்றது இந்தியாவிலிருந்து சென்ற விதையின் இரத்தமே.

பாயின்செட் அமெரிக்காவில் புகழ் பெற்றபின் இந்தியாவுக்கு வந்தது. மேம்படுத்தப்பட்ட வெளிநாட்டு இனமாக இந்திய விவசாயப் பரிந்துரைகளில் இடம்பிடித்தது. ஊரை விட்டுச் சென்ற பிள்ளை வேற்றுப் பெயரோடும் வேற்று உடையோடும் வீட்டு வாசலில் வந்து நின்றதுபோல.

கதை அங்கே முடியவில்லை. நோய்க்கிருமியும் மாறியது. 2004இல் புதிய வடிவில் தாக்கிய அடிச்சாம்பல் நோய், அந்த எதிர்ப்புச் சக்தியை முறியடித்தது. ஆய்வாளர்கள் மீண்டும் விதைச் சேகரிப்பிடம் சென்றனர். நூற்றுக்கணக்கான விதைகளைச் சோதித்தபோது, புதிய வடிவத்தையும் வலுவாக எதிர்த்து நின்றவற்றுள் முதன்மையான ஒன்றின் எண் 197088. முன்னைய எண்ணுக்கு அடுத்த எண். அதுவும் இந்தியாவிலிருந்து சென்றதே. அரை நூற்றாண்டு காலம் பொதியில் உறங்கிய விதை தேவைப்பட்ட நாளில் விழித்துக்கொண்டது. அதனை அன்று ஏதோ ஒரு கிராமத்தில் பேணி வைத்திருந்த குடும்பம் எதுவென்று ஆய்வுக் கட்டுரைகள் பேசுவதில்லை. 'இந்தியா' என்ற ஒரு சொல்லாலும் ஆறிலக்க எண்ணாலுமே அது அறியப்படுகிறது.

இதைத் திருட்டு என்று நான் சொல்லமாட்டேன். அக்காலத்தில் விதை மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று கருதப்பட்டது. அந்தந்த நாட்டின் உயிர்வளம் அந்தந்த நாட்டுக்கே உரியது என்பதை ஏற்ற உயிர்ப் பல்வகைமை உடன்படிக்கை 1993இல்தான் நடைமுறைக்கு வந்தது. மேலும், பாயின்செட் இனத்தின் காயை முற்றவிட்டு விதை எடுத்தால், அடுத்த ஆண்டும் பாயின்செட்டே முளைக்கும். வாங்கியவர் மறுமுறை வாங்க வேண்டியதில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்த நேர்மை அதில் இருந்தது.

அந்த நேர்மையை மாற்றியது கலப்பின விதை. பொதுவாக வெள்ளரிக் கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கும். காய்ப்பது பெண் பூ மட்டுமே. கொரியாவிலிருந்து சென்ற ஓர் இனத்தில் பெண் பூக்களே பூக்கும் இயல்பு காணப்பட்டது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கிளின்ரன் பீற்றர்சன் அதனைப் பயன்படுத்தி, 1960களின் தொடக்கத்தில் பெண் பூக் கலப்பினத்தை உருவாக்கினார். கொடி முழுவதும் பெண் பூ என்றால் விளைச்சல் பெருகும். காய்கள் ஒரே காலத்தில் முற்றும். ஆனால், ஆண் பூவே இல்லாத தாய்க்கொடியை எவ்வாறு இனம்பெருக்குவது? ஜிபரலின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளித்தால் பெண் கொடியிலும் ஆண் பூ தோன்றும் என்று பீற்றர்சனும் அவரது சக ஆய்வாளரும் 1960இல் காட்டினர். இந்த நுட்பம் ஆய்வுகூடத்துக்கும் விதை நிறுவனத்துக்கும் உரியது. வீட்டுத் தோட்டக்காரர் கலப்பினக் காயிலிருந்து விதை எடுத்து நட்டால், பிள்ளைகள் தாயைப்போல் இரா. ஒவ்வொரு கொடியும் ஒவ்வொரு குணம் காட்டும். ஆகவே ஆண்டுதோறும் கடைக்குச் சென்றே தீரவேண்டும். இதற்காக எவரும் சட்டம் இயற்றவில்லை. பூவின் இயல்பே பூட்டாகிவிட்டது.

இது அவ்வளவு பெரிய விடயமா என்று சிலர் கேட்கலாம். எம் தாயகத்தின் அனுபவம் அதற்கு விடை சொல்லும். 1990இல் போர் மீண்டும் வெடித்தபின் வடபகுதி மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருளும் யூரியாவும் அடங்கியிருந்தன. சாம்பலில் பிரட்டிய கெக்கரி, பூசணி, பாகல் விதைகளைப் போத்தலில் அடைத்து அடுப்படிப் பரணில் வைத்திருந்த வீடுகளுக்கு, அடுத்த போகத்துக்கு விதை வேண்டி எவரது அனுமதியையும் எதிர்பார்க்கும் நிலை இருக்கவில்லை. பத்திரிகைகளில் நாம் தடைப் பட்டியல்களை எழுதினோம். தடை செய்ய முடியாதவற்றின் பட்டியலை எழுதவில்லை. அதில் முதலிடம் பெறவேண்டியது வீட்டு விதை.

முப்பது ஆண்டுகளின் பின்னர் நாடு முழுவதுமே அந்தப் பாடத்தைப் படிக்க நேர்ந்தது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அம்முடிவு கைவிடப்பட்டது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியது. அவ்வாண்டு யூனில், அரச ஊழியர்கள் வீட்டுத் தோட்டம் செய்வதற்கென்றே வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. விடுமுறை கிடைத்தது, மண் இருந்தது, விதை? கலப்பின மரக்கறி விதைகளின் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டில், டொலர் இல்லாதபோது விதைப் பொதியின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போகிறது. இத்தனைக்கும் எமது விவசாயத் திணைக்களத்திடம் 'கற்பிட்டி வெள்ளை', 'எல்.வை. 58' போன்ற இனங்கள் உண்டு. கன்னொறுவையில் 1988இல் தொடங்கிய பயிர் மரபுவள நிலையமும் உண்டு. ஆனால், குளிரறையில் உறங்கும் விதை ஒரு காப்புறுதி மட்டுமே. ஆண்டுதோறும் மண்ணில் விழுந்து எமது வெயிலுக்கும் எமது பூச்சிக்கும் பழகும் விதையே உயிருள்ள விதை.

ஆகவே, எந்த வெள்ளரியை நடுவது என்று கேட்போருக்கு எனது விடை இது.

குளிர்நாட்டில் கண்ணாடிக் குடிலுக்குள் வளர்ப்பவர்களுக்கு, மகரந்தச் சேர்க்கை இன்றியே காய்க்கும் நீண்ட ஆங்கில வகை பொருத்தமானது. அதில் தேனீ தேவையில்லை, விதையும் இராது. உணவுக்கு அது நன்று. அதைத் திறந்த வெளியில் மற்ற வெள்ளரிகளுக்கு அருகே நடாதீர்கள். மகரந்தம் பட்டால் காய் ஒருபுறம் பருத்து வடிவம் கெடும். பொதியில் 'எஃப் 1' என்று அச்சிடப்பட்டிருந்தால் அது கலப்பினம். அதனை நடுவதில் பாவம் ஒன்றுமில்லை. நோய் மிகுந்த இடத்தில் அதுவே கைகொடுக்கவும் கூடும். ஆனால், அதனோடு நின்றுவிடாதீர்கள். ஒரு பாத்தியிலாவது, விதை எடுத்தால் தாயைப்போலவே பிள்ளை தரும் இனம் ஒன்றை நடுங்கள். 1935இல் அமெரிக்காவில் விருது பெற்ற 'ஸ்ரெயிற் எயிற்', கோர்னெல் பல்கலைக்கழகத்தின் 'மார்க்கெற்மோர்', மேலே சொன்ன 'பாயின்செட்', மஞ்சள் எலுமிச்சை போன்று உருண்ட 'லெமன்', புனேயிலிருந்து சென்ற 'பூனா கீரா' ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. தாயகத்தில் உள்ளவர்கள் அயல்வீட்டு ஆச்சியிடம் கேட்டால் இவற்றைவிடச் சிறந்தது கிடைக்கலாம்.

விதை எடுப்பது கடினமன்று. தோட்டத்தில் ஒரே வெள்ளரி இனத்தை வையுங்கள். அயலில் வேறினம் உண்டென்றால், மறுநாள் விரியவிருக்கும் ஆண் மொட்டையும், அடியில் பிஞ்சு தாங்கிய பெண் மொட்டையும் மாலையில் நூலால் கட்டிவிடுங்கள். காலையில் அவிழ்த்து, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, மறுபடியும் கட்டிவிட வேண்டும். அந்தக் காயை அடையாளமிட்டு, மஞ்சளாகிப் பழுப்பேறும்வரை கொடியிலேயே விடுங்கள். பின்னர் சதையோடு விதையைச் சிறிது நீரில் இரண்டு நாள் புளிக்கவிட்டால் வழுவழுப்பு நீங்கும். அடியில் தங்கும் கனமான விதைகளைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஈரமும் வெப்பமும் படாமல் வைத்தால் ஐந்து ஆண்டுகளுக்குப் பயப்படத் தேவையில்லை.

முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன நிறமூர்த்தக் கணக்கு இங்கே பயன்படும். கெக்கரியும் வெள்ளரிப்பழமும் அருகருகே வளரலாம், விதை கலக்காது. ஆனால், வெள்ளரிப்பழத்தின் பக்கத்தில் முலாம்பழத்தை நட்டால் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும். அந்த ஆண்டுக் காயில் மாற்றம் தெரியாது. மறு ஆண்டு விதையில்தான் தெரியும்.

எடுத்த விதையில் ஒரு பங்கை இன்னொரு வீட்டுக்குக் கொடுங்கள். ஒரு வீட்டில் அழிந்தாலும் மறுவீட்டில் அது இருக்கும். பொதியின் மேல் இனத்தின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றோடு, விதையைத் தந்தவரின் பெயரையும் எழுதி வையுங்கள். 197087, 197088 என்ற எண்களைத் தாங்கிய அந்த இரு விதைகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.